கார் நின்ற தூரம்

அவருடைய செத்தவீட்டில் மகள் பேசினாள். ஒரு தாளைப் பார்த்து டெனிஷில்தான் பேசினாள், மூன்று நிமிடம்கூட இருக்காது. அப்பா நேரம் தவறாதவர், அப்பாவின் மீன்குழம்பு நல்ல உறைப்பு, ஞாயிறு தவறாமல் கார் கழுவுவார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், "அப்பாவுக்கு என் விளையாட்டில் பெரிய அக்கறை இருக்கவில்லை. பரவாயில்லை, எல்லாருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டும் என்றில்லை" என்று சொல்லித் தாளை மடித்தாள். வந்திருந்த டெனிஷ்காரர்கள் மெல்லத் தலையாட்டினார்கள். எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு அது விளங்கவில்லை. விளங்கியவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பின்வரிசையில் இருந்த எனக்கு மட்டும் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளை அப்படி நம்பிக்கொண்டிருந்ததற்கு நானும் ஒரு காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் அவரும் நானும் ஒரே காரில் வேலைக்குப் போனோம். எங்கள் ஊரான பிராண்டேயிலிருந்து இருபது கிலோமீற்றர் தள்ளி, காற்றாலைக்கு இறக்கை செய்யும் ஒரு தொழிற்சாலை. ஒரு கிழமை அவருடைய கார், மறு கிழமை என்னுடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். முதல் ஐந்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசுவோம். மிச்சம் முழுக்க ஹாண்ட்போல், கையால் பந்தை எறிந்து கோல் போடுகிற விளையாட்டு.

இந்த நாட்டில் சின்ன ஊர்களுக்குக்கூட ஒரு ஹால் இருக்கும், அந்த ஹாலுக்கு ஒரு ஹாண்ட்போல் அணி இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் அணி கீழ்ப் பிரிவுகளில் ஏறியும் இறங்கியும் காலம் தள்ளிய ஒன்று. பேக்கரியில் வேலை செய்யும் பிள்ளை, ஒரு பள்ளிக்கூட ரீச்சர், இரண்டு பிள்ளை பெற்ற தாய் என்று கலந்து கட்டிய கூட்டம். அண்ணையின் மனைவி இறந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு டெனிஷ் மனுசி, பிள்ளையை வீட்டுக்குள் அடைத்து வைக்காதே, ஹாலுக்குக் கொண்டு போ என்றாளாம். கொண்டுபோனவர், பயிற்சி முடியும்வரை வாங்கில் குந்திக்கொண்டிருந்து விதிகளைப் படித்தார். பிறகு பெரிய பெண்களின் ஆட்டத்தையும் பார்க்கத் தொடங்கினார். மகள் வளர்ந்து, பதினெட்டு வயதில் அந்த அணிக்கே கோல்கீப்பராக வந்தபோது, அவர் பல வருடத்துப் பழைய ரசிகராகியிருந்தார். வெள்ளையும் நீலமும் கலந்த கம்பளிச் சால்வை ஒன்று வைத்திருந்தார். அதைக் கோடையிலும் காரின் பின்சீற்றில்தான் போட்டிருப்பார்.

அணி தோற்றால் தோற்றது என்று சொல்ல மாட்டார். "குடுத்திட்டினம்" என்பார். அதாவது வெற்றி எங்களுடையதுதான், எங்கள் பெட்டைகள் பெருந்தன்மையாகத் தூக்கி எதிராளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமைக் காலையில் அந்தக் கொடையின் வரலாறு முழுவதும் எனக்கு விளக்கப்படும். என் மனைவி, "உங்களுக்கு வேலையில சம்பளமும் தந்து, போற வழியில பாடமும் எடுக்கினம்" என்று பகிடி பண்ணுவாள். ஆனால் எனக்கும் அது மெல்ல மெல்லத் தொற்றிவிட்டது. சனிக்கிழமைகளில் நானும் ஹாலுக்குப் போகப் பழகிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது மகள் விளையாடத் தொடங்கிய அந்த ஒரு வருடத்தைப் பற்றி. செப்டெம்பரில் ஆட்டங்கள் தொடங்கியபோது அண்ணைக்குச் சனிக்கிழமை வேலை போட்டுவிட்டார்கள். ஓர் ஆட்டத்துக்கும் அவர் போகவில்லை. எங்கள் பெட்டைகளோ பிடித்த பிடியில் எல்லாவற்றையும் வென்று பட்டியலின் உச்சியில் போய் நின்றார்கள். ஒக்டோபர் விடுமுறை முடிந்ததும் அவருடைய சனிக்கிழமை வேலை நின்றது. சால்வையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் வந்து குந்தினார். மகள் கோலுக்குள் நின்றபடி அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

அன்றைக்குத் தோற்றார்கள். அடுத்த சனியும் தோற்றார்கள். அதற்கடுத்த சனி, பட்டியலில் கடைசியாகக் கிடந்த ஓர் அணியிடம் அடிவாங்கினார்கள்.

முதலில் அவர் பயிற்சியாளரைப் பிடித்தார். "உவருக்கு ஆளை மாத்தத் தெரியாது தம்பி. களைச்ச பிள்ளையைத்தான் திரும்பத் திரும்ப விடுறார்." பிறகு நடுவர்கள். நடுவர்கள் முடிய, பந்து வழுக்காமல் கையில் பூசுவார்களே பிசின், அதன்மேல் சந்தேகம் வந்தது. பிசின் பழசாம். பிறகு தரை. வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போன பஸ் டிரைவர்கூடத் தப்பவில்லை, வளைவுகளில் வெட்டி வெட்டி ஓடிப் பிள்ளைகளுக்குத் தலைசுற்ற வைத்துவிட்டாராம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நவம்பரில் எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கும் இருட்டு, பின்னேரம் நாலு மணிக்கும் இருட்டு. அந்த இருட்டுக்குள் தினமும் இந்தப் புலம்பலையும் கேட்டுக்கொண்டு போவது லேசான வேலையாக இருக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. அணியின் சட்டைகளைப் பெற்றோர் முறைவைத்துத் தோய்த்துக் கொடுக்க வேண்டும். டிசெம்பரில் அண்ணையின் முறை வந்தது. ஒரு பெரிய பை நிறையச் சட்டை. அவர் தோய்த்தார், காயப்போட்டார், மடித்தார். அதோடு விட்டிருக்கலாம். கண்ணூறு கழிய என்று சொல்லி மஞ்சள் தண்ணீர் கரைத்து ஒவ்வொரு சட்டையிலும் தெளித்துவிட்டார். வெள்ளைச் சட்டை. சனிக்கிழமை பையைத் திறந்தால் அத்தனையும் மஞ்சள் பொட்டு. மகள் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் அப்பா என்ற ஒரு சொல்தான் தமிழ், மற்றதெல்லாம் டெனிஷ். அணியிலிருந்த ரீச்சர், சூரியகாந்தி போல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சட்டையோடு விளையாடி, அன்றும் தோற்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காரில் பாதி வழி போனபிறகு, "தம்பி, நான் வராத மட்ச் எல்லாம் வெண்டவை. நான் வரத் துவங்கின நாளில இருந்துதான் குடுக்கினம்" என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. பந்து பிடிக்கேலாமல் தோக்கினம்."

"ஏன் அதுக்கு முந்திப் பிடிச்சவை?"

அவர் கோபப்படாமல், வேலைத்தலத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவர் போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். முழிவியளம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். ஒரு காரியத்துக்கு வீட்டைவிட்டுப் புறப்படும்போது முதலில் எதிர்ப்படுகிற ஆள். அந்த ஆள் நல்ல முழிவியளம் என்றால் போன காரியம் சரிவரும். அண்ணை பிறந்த கிழமை அவருடைய தகப்பன் இறந்துவிட்டாராம். அன்றிலிருந்து யாராவது சோதனைக்கோ கலியாணம் பேசவோ வெளிநாட்டுக்கோ புறப்பட்டால், இவரை உள்ளே போய் இருக்கச் சொல்வார்களாம். வெளிக்கிட்டவர்கள் ஒழுங்கை தாண்டியபிறகுதான் வெளியே வரலாம்.

"அதெல்லாம் அங்கத்தைய கதை. இது டென்மார்க்" என்றேன்.

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். வைப்பரை வேகமாக்கினார். "ஓகூஸ் ஆஸ்பத்திரியில அவளை ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போகேக்க, நான்தான் கதவடியில முன்னால நிண்டனான்."

ஒன்பது வருடத்தில் மனைவியைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

அடுத்த சனி மகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவர் காருக்குள்ளேயே இருந்துகொண்டார். என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. எத்தனையோ கிழமைக்குப் பிறகு கிடைத்த முதல் புள்ளி. ஓடிவந்து சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை, தலையை ஆட்டினார். வைத்தியர் சொன்ன வருத்தம் இரத்தப் பரிசோதனையிலும் உறுதியானால் ஒரு மனிதன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தார்.

அதற்கடுத்த ஆட்டம் தோல்வி. கார் ஹாலைப் பார்த்தபடி நின்றதுதான் பிழையாம். அடுத்த முறை ஹாலின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளைப் பார்த்து நிறுத்தினார். அதுவும் தோல்வி. உள்ளே கத்துகிற சத்தம் காதில் விழுந்துவிட்டதாம். பிறகு இரண்டு தெரு தள்ளி, சுப்பர்மாக்கற்றின் தரிப்பிடத்துக்குப் போனார். பிறகு வீட்டுக்கே போய்விட்டு முடிகிற நேரத்துக்கு வந்தார். இடையில் ஒன்று வெல்லும், இரண்டு தோற்கும். வென்றால் தூரம் சரி, தோற்றால் தூரம் போதாது. மனிதன் சனிக்கு சனி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். உதுகளுக்கு இது விளங்காது, சிரிப்பாள். இல்லாட்டிப் பயப்பிடுவாள். ரெண்டும் வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

இப்போது என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் எனக்கு வேலைத்தலத்தில் குழுத் தலைவர் பதவிக்கு நேர்முகம் இருந்தது. அந்தக் கிழமை அவருடைய கார் முறை. முதல்நாள் பின்னேரம், வேலை முடிந்து இறங்கும்போது, "நாளைக்கு நான் என்ர காரில வாறன் அண்ணை, பிறகு கடைக்கும் போக வேணும்" என்றேன். கடையும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் கதவைத் திறந்ததும் அவருடைய முகத்தில் முழிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவு பகுத்தறிவு பேசியவன் நான். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"ஓம் தம்பி, உம்மட காரில போம். அதுதான் நல்லது" என்றார். பிறகு, "நான் நாளைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வெளிக்கிடுவன். றோட்டிலயும் காணமாட்டீர்" என்றார்.

பதவி எனக்குக் கிடைத்தது. முதலில் வந்து கைகொடுத்தவர் அவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

பெப்ரவரியில் ஒரு சனி, ஆட்டம் தோற்று முடிந்தபிறகு மகள் என்னிடம் வந்தாள். ஈரத்தலை, தோளில் பை. அப்பா ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டாள். நான் களைப்பு, முதுகு நோ என்று ஏதோ சொன்னேன்.

"மாமா, நாங்கள் முதலாவதாக நின்றபோது சால்வை கட்டிக்கொண்டு வந்தார். தோற்கத் தொடங்கியதும் காணாமல் போய்விட்டார்" என்றாள். அதற்கு டெனிஷில் ஒரு சொல் இருக்கிறது, மெத்கங்ஸ்சப்போர்ட்டர். வெல்லும்போது மட்டும் கூட நிற்கிற ரசிகன். இங்கே விளையாட்டில் ஒருவரை அதைவிடக் கேவலமாகச் சொல்ல முடியாது. தன் தகப்பனை அந்தச் சொல்லால் சொன்னாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன் என்பது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், அவரின் நம்பிக்கையைச் சொல்லப்போனால், அது விசர்க்கதை என்றும் கூடவே சொல்ல வேண்டும். அந்த ஜனவரிக் காலைக்குப் பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதுகு நோதான் பிள்ளை" என்றேன் திரும்பவும்.

காரில் அன்றைக்கு அவள் பின்சீற்றில் ஏறினாளாம். அங்கே கிடந்த சால்வையைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தாளாம். திங்கட்கிழமை அவரே எனக்குச் சொன்னார், ஏதோ பிள்ளைக்குக் களைப்பு என்ற மாதிரி.

கடைசி ஆட்டம் மார்ச் முடிவில் வந்தது. வென்றால் பிரிவில் நிற்கலாம், தோற்றால் இறங்க வேண்டும். அன்றைக்கு மகளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை விடியவே பிரெடெரிசியாவுக்குப் போய்விட்டார். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கே அவருக்கு ஓர் அலுவலும் இல்லை. கடற்கரையோரம் காரை நிறுத்திவிட்டு, போனையும் அணைத்துவிட்டு இருந்தார்.

அப்படியோர் ஆட்டத்தை நான் அந்த ஹாலில் பார்த்ததில்லை. ஒரு கோலால் முன்னுக்கு நிற்கிறோம், கடைசி நொடிகளில் எதிரணிக்கு ஏழு மீற்றர் எறிதல், பெனால்ட்டி மாதிரி. எறிந்தவள் பெரிய ஆள். எங்கள் பிள்ளை இடது காலைத் தூக்கித் தட்டிவிட்டாள். ஆட்டம் முடிந்த கொம்பு ஊதியது. எல்லாரும் அவள்மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவள் முதலில் பார்த்தது முன்வரிசையில் தகப்பன் முன்பு இருந்த இடத்தை. அங்கே யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பிக் கோப்பை இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் பைத்தியக்காரன் மாதிரிக் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

பின்னேரம் திரும்பி வந்த அண்ணையிடம் சொன்னேன். கேட்டதும் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். எத்தனை எறிதல் தடுத்தாள், எந்தப் பக்கம் விழுந்தாள், எல்லாம் விவரமாகக் கேட்டார். கடைசியில், "பாத்தீரே தம்பி. இவ்வளவு தூரம் வேணும்" என்றார். தோற்றிருந்தால்கூட அவரை எப்படியாவது திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம். வென்றது எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மகளிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்லது பிள்ளை எண்டனான். கூடக் கதைச்சால் கண்ணூறு" என்றார்.

ஓகஸ்ட்டில் அவள் ஓகூஸுக்குப் படிக்கப் புறப்பட்டாள். தாதிப் படிப்பு. அங்கே ஓர் அணியும் அவளைக் கேட்டிருந்தது. சாமான் ஏற்ற வாடகை வான் ஒன்று வந்தது. சிநேகிதி ஒருத்தி ஓட்டினாள். பெட்டிகளையெல்லாம் அண்ணையும் நானுமாகத்தான் தூக்கி வைத்தோம். கடைசிப் பெட்டி ஏறியதும் பார்த்தால் அண்ணையைக் காணவில்லை. அவள் வாசலில் நின்று, "அப்பா!" என்று கூப்பிட்டாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பக் கூப்பிட்டாள். பத்து நிமிடம் வானின் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"வயிறு சரியில்லையாம். நீ போ, பிறகு எடுப்பார்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வான் முடக்கால் திரும்பியபிறகுதான் அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். உள்ளே லைற்றும் போடவில்லை, பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வாசலுக்கு வந்து வெறும் றோட்டைப் பார்த்தார்.

"போட்டாளோ?"

"ஓம் அண்ணை."

"திரும்பிப் பாத்தவளோ?"

"ஓம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. என்ர முகத்தில முழிக்காமல் போனவள், இனி அவளுக்கு ஒரு குறையும் வராது" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்தது. அவளுடைய புதிய அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் எனக்குப் போன் வரும். முடிவை நான் இணையத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் பார்க்கமாட்டார். தோற்றிருந்தால், "குடுத்திட்டினம்" என்பார். இந்த மாரியில், வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், நெஞ்சுவலி வந்து வாசலிலேயே போய்விட்டார். அவருடைய கார் முறைக் கிழமை அது. நான் என் வீட்டு வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

செத்தவீட்டன்று எல்லாம் முடிந்து, கோப்பியும் பற்றீசும் கொடுத்துக்கொண்டிருந்த மண்டபத்தில், மகளைத் தனியாக யன்னலடிக்குக் கூப்பிட்டேன். சத்தியம் வாங்கியவர் போய்விட்டார், இனி எதற்குப் பயம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பரேசன் கதவடி, மஞ்சள் தண்ணீர், குப்பைத் தொட்டி, சுப்பர்மாக்கற், பிரெடெரிசியா. என்னுடைய நேர்முகத்தையும் சொன்னேன். அவள் கையிலிருந்த தாளை இன்னும் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வான் வெளிக்கிட்டபோது எங்கே இருந்தார்?" என்று கேட்டாள்.

"குளியலறையில. லைற்றும் போடாமல்."

"நான் திரும்பிப் பார்க்கவில்லை, மாமா."

"தெரியும். பாத்தனீ எண்டு அவரிட்டைச் சொன்னனான்."

அவள் வெளியே தரிப்பிடத்தைப் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணையின் கார் சுவரோரமாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காலையில் அவள்தான் அதை ஓட்டி வந்திருந்தாள். காரடிக்கு இறங்கிப் போனாள். முன்கதவைத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகப் போய், மண்டபத்துக் கதிரைகளையும் அடுக்கி முடித்தபிறகும் அங்கேயே இருந்தாள்.